மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே பத்து நிமிடம்

பதினான்கு வயதுக்குட்பட்ட பையன்கள் ஆடும் கால்பந்து ஆட்டம். நடுவர் விசில் ஊதி ஃப்ரீ கிக் கொடுக்கிறார். ஃபவுல் செய்த பையனுக்குக் கோபம். இரண்டு கைகளையும் விரித்து, "என்ன ரெஃப், கண்ணு தெரியலையா?" என்று மைதானம் முழுக்கக் கேட்கிறபடி கத்துகிறான். நடுவர் இப்போது என்ன செய்ய வேண்டும்?

கூப்பிட்டுக் கண்டிக்கலாம். மஞ்சள் அட்டை காட்டலாம். வார்த்தை அத்துமீறிப் போயிருந்தால் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பலாம். கால்பந்தில் நெடுங்காலம் இந்த மூன்று வழிகள்தான் இருந்தன. கண்டிப்பு சில பையன்களுக்கு உறைக்கும், பலருக்கு உறைக்காது. கையை விரித்துக் கத்தியதற்குச் சிவப்பு அட்டை ரொம்ப அதிகம். மிச்சம் இருப்பது மஞ்சள்.

சிறுவர் ஆட்டத்தில் மஞ்சள் அட்டையால் பெரிய பலன் இல்லை என்பது என் கருத்து. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் முதல் 19 ஆட்டங்களுக்குள் ஐந்து மஞ்சள் அட்டை வாங்கியவர் ஒரு ஆட்டம் வெளியே உட்கார வேண்டும். அங்கே ஒவ்வொரு மஞ்சளுக்கும் கணக்கு இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும் பள்ளி டோர்னமென்ட்டில் யார் கணக்கு வைக்கிறார்கள்? அட்டை வாங்கிய பையன் அடுத்த நொடியே பந்தின் பின்னால் ஓடுகிறான். அவனுக்கும் நஷ்டமில்லை, அவன் அணிக்கும் நஷ்டமில்லை. கோபமும் அப்படியே இருக்கிறது. பத்து நிமிடம் கழித்து அதே கோபத்தில் ஒருத்தன் காலை வாரிவிட்டு இரண்டாவது மஞ்சள் வாங்குகிறான்.

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் 'சின் பின்'. தப்பு செய்தவரைச் சில நிமிடம் வெளியே உட்காரவைத்து, அப்புறம் திரும்ப ஆடவிடும் தண்டனை. விதிப் புத்தகம் இதைத் தற்காலிக வெளியேற்றம் என்கிறது. ஹாக்கி தெரிந்தவர்களுக்கு இது புதிதே இல்லை. அங்கே பச்சை அட்டைக்கு இரண்டு நிமிடம், மஞ்சளுக்குக் குறைந்தது ஐந்து நிமிடம் வெளியே இருக்க வேண்டும். கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. ரக்பியிலும் மஞ்சள் என்றால் பத்து நிமிடம். கால்பந்துதான் லேட்.

சின் பின் எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்கு முன், நடுவர் எதை ஃபவுல் என்கிறார், எதற்கு அட்டை எடுக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. கோட்டுக்கு வெளியே நின்று கத்தும் பெரியவர்களில் பாதிப் பேர் இதில்தான் குழம்புகிறார்கள்.

ஃபவுல் வேறு, அட்டை வேறு

கால்பந்துக்கு மொத்தம் 17 விதிகள். அவற்றை எழுதுவதும் திருத்துவதும் 1886-இல் தொடங்கிய ஐஃபாப் என்ற அமைப்பு. ஃபவுலும் ஒழுங்கீனமும் 12-ஆவது விதியில் வருகின்றன.

ஒருவரை இடித்தாலோ, தள்ளினாலோ, காலைத் தடுக்கி விழவைத்தாலோ நடுவர் அந்தச் செயலை மூன்று படிகளில் எடைபோடுகிறார். பந்தை எடுக்கப் போனவன் கவனமில்லாமல் எதிராளியின் காலைத் தட்டிவிட்டான் என்றால் ஃப்ரீ கிக் மட்டும், அட்டை கிடையாது. எதிராளிக்கு என்ன ஆகும் என்ற நினைப்பே இல்லாமல் பாய்ந்தான் என்றால் ஃப்ரீ கிக்கோடு மஞ்சள். தேவைக்கு மேல் பலம் காட்டி, எதிராளியின் கால் முறியும் அளவுக்கு ஆபத்தாகப் பாய்ந்தான் என்றால் சிவப்பு. ஒரே மாதிரியான ஸ்லைடிங் டாக்கிள், அதாவது சறுக்கிப் போய்ப் பந்தைப் பறிப்பது, மூன்று ஆட்டங்களில் மூன்று முடிவு பெறலாம். வேகம், தூரம், கால் எந்த உயரத்தில் வந்தது, ஷூவின் அடியில் இருக்கும் ஸ்டட் வெளியே தெரிந்ததா என்று எல்லாவற்றையும் ஒரே நொடியில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"அவன் பந்தைத்தானே தொட்டான்!" என்பது எல்லா மைதானத்திலும் கேட்கும் வாதம். முதலில் பந்தைத் தொட்டுவிட்டால் மற்றதெல்லாம் மன்னிக்கப்படும் என்று எந்த விதியும் இல்லை. பந்தை எடுத்த கையோடு, அதாவது காலோடு, ஆளையும் முரட்டுத்தனமாகச் சாய்த்தால் அது ஃபவுல்தான்.

சிறுவர் ஆட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பதின்மூன்று வயதில் ஒருவன் மீசை அரும்பி ஐந்தரை அடி நிற்பான். அதே வகுப்பில் படிக்கும் இன்னொருவன் நாலரை அடியில், நாற்பது கிலோகூட இல்லாமல் இருப்பான். இருவரும் பந்துக்காகத் தோளோடு தோள் மோதினால் சின்னவன் உருண்டு விழுவான். தோளால் நியாயமாக மோதுவதை விதி அனுமதிக்கிறது. ஆனால் விழுந்தவனைப் பார்த்ததும் "ரெஃப்!" என்று ஒரு கூட்டமே கத்தும். நடுவர் பார்க்க வேண்டியது மோதிய விதத்தை. யார் விழுந்தார், எவ்வளவு தூரம் உருண்டார் என்பதை வைத்து விசில் ஊதினால், உயரமாக வளர்ந்த ஒரே காரணத்துக்காக அந்தப் பெரிய பையன் ஆட்டம் முழுக்கத் தண்டிக்கப்படுவான். இந்த அநியாயத்தை யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் அவன் அழுவதில்லை.

ஃபவுலே இல்லாமலும் அட்டை வரும். நடுவரை எதிர்த்துப் பேசுவது, ஆட்டம் மீண்டும் தொடங்குவதை வேண்டுமென்றே தாமதப்படுத்துவது, ஃப்ரீ கிக்குக்கு 9.15 மீட்டர் தள்ளி நிற்காமல் முன்னால் வந்து மறிப்பது, அனுமதி இல்லாமல் உள்ளே வருவது, வெளியே போவது எல்லாம் மஞ்சள். தனித்தனியாகப் பார்த்தால் சின்னச் சின்ன ஃபவுல்கள்தான், ஆனால் ஓயாமல் செய்துகொண்டே இருக்கிறான் என்றால் அதற்கும் மஞ்சள்.

சிவப்புக்கான பட்டியல் சின்னது. ஆபத்தான டாக்கிள், அடிதடி, கடிப்பது, துப்புவது, ஆபாசமாகவோ இழிவாகவோ பேசுவது அல்லது சைகை காட்டுவது, நிச்சயமான கோல் வாய்ப்பை ஃபவுல் செய்து கெடுப்பது, ஒரே ஆட்டத்தில் இரண்டாவது மஞ்சள் வாங்குவது. கோல் வாய்ப்பைக் கெடுப்பதில் 2016-இல் ஒரு நல்ல திருத்தம் வந்தது. பெனால்டி ஏரியாவுக்குள் பந்தை எடுக்க உண்மையாகவே முயன்று, தவறி ஃபவுல் ஆகிவிட்டால், பெனால்டியோடு மஞ்சள் மட்டும் போதும். சட்டையைப் பிடித்து இழுத்தாலோ தள்ளினாலோ பழையபடி சிவப்புதான். பன்னிரண்டு வயது டிஃபெண்டருக்கு இந்தத் திருத்தம் பெரிய நிம்மதி. முன்பெல்லாம் பெனால்டியும் போய், அவனும் வெளியே போய், அணியும் பத்துப் பேராகிவிடும்.

சிவப்பு வாங்கியவருக்குப் பதில் ஆள் இறக்க முடியாது. அவர் மைதானத்தை ஒட்டிய இடத்திலும் நிற்கக் கூடாது. சிறுவர் ஆட்டத்தில் இங்கே ஒரு எச்சரிக்கை: அழுதுகொண்டு போகும் பிள்ளையைத் தனியாக உடை மாற்றும் அறைக்கு அனுப்பக் கூடாது. அணியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கூடவே போக வேண்டும்.

இந்த அட்டைகள் வந்த கதையும் சுவையானது. 1966 உலகக் கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதின. ஜெர்மன் நடுவர் ருடால்ஃப் க்ரைட்லைன் அர்ஜென்டினா கேப்டன் ரட்டீனை வெளியே போகச் சொன்னார். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. ரட்டீன் நகர மறுத்தார். ஆட்டம் பல நிமிடம் நின்றுபோனது. அந்த உலகக் கோப்பையில் நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன் வீட்டுக்குக் காரில் திரும்பும்போது லண்டன் சிக்னலில் நின்றார். மஞ்சள் என்றால் பார்த்துப் போ, சிவப்பு என்றால் நில். அங்கே பிறந்த யோசனை 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகளாக வந்தது. அதற்கு முன் எச்சரிக்கை எல்லாம் வெறும் வாய்ப்பேச்சுதான். யாருக்கு எச்சரிக்கை விழுந்தது என்று கேலரியில் இருப்பவருக்குத் தெரியாது, சில சமயம் வாங்கியவருக்கே தெரியாது.

சின் பின் நடக்கும் விதம்

2017-இல் ஐஃபாப் இதை அனுமதித்தது. எல்லா ஆட்டங்களுக்கும் அல்ல: சிறுவர், மூத்தோர், மாற்றுத்திறனாளிகள், அடித்தட்டு நிலைப் போட்டிகள் ஆகியவற்றுக்கு மட்டும். வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். அந்தந்த நாட்டுக் கால்பந்துச் சங்கத்தின் விருப்பம்.

நடுவர் மஞ்சள் அட்டையைக் காட்டுகிறார். கூடவே இரண்டு கைகளாலும் வெளியே உட்காரும் இடத்தைச் சுட்டிக் காட்டுகிறார். அதுதான் சைகை. பையன் வெளியே போன பிறகு ஆட்டம் திரும்பத் தொடங்கும் நொடியிலிருந்து தண்டனை நேரம் ஓட ஆரம்பிக்கிறது. எவ்வளவு நேரம்? மொத்த ஆட்ட நேரத்தில் 10 முதல் 15 சதவீதம். தொண்ணூறு நிமிட ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் என்பது இங்கிலாந்துக் கணக்கு. அதைவிடக் குறுகிய ஆட்டங்களுக்கு அங்கே எட்டு நிமிடம். அந்த நேரம் முழுக்க அவனுக்குப் பதில் ஆள் இறக்க முடியாது. அணி ஒரு ஆள் குறைவாகவே ஆட வேண்டும். வெளியே போவது கோல் கீப்பர் என்றால் உள்ளே ஆடிக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் கிளவுஸ் மாட்ட வேண்டியதுதான்.

தண்டனை நேரத்தில் அவன் கோச் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிறது விதி. இந்த விதியிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சிவப்பு அட்டை பையனைத் துரத்திவிடுகிறது. மஞ்சள் அட்டை ஒன்றுமே நடக்காததுபோல் உள்ளேயே விட்டுவிடுகிறது. இதில் மட்டும்தான் அவன் தண்ணீர் குடித்துவிட்டு, மூச்சு வாங்கி, தன்னால் நண்பர்கள் ஒரு ஆள் குறைவாக ஓடுவதைக் கண்ணால் பார்க்கிறான். நல்ல கோச் என்றால் அந்தப் பத்து நிமிடத்தில் அவனோடு பேசுவார். மோசமான கோச் என்றால் அவனோடு சேர்ந்து நடுவரைத் திட்டுவார். அதற்கும் வழி இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

நேரம் முடிந்ததும் அவனாக உள்ளே ஓடிவரக் கூடாது. நடுவர் கையசைக்க வேண்டும். ஆட்டம் நிற்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை, பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே அழைக்கலாம். முதல் பாதி முடியும்போது தண்டனை பாக்கி இருந்தால் மீதியை இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் கழிக்க வேண்டும். வெளியே உட்கார்ந்திருக்கும்போதே இன்னொரு அட்டைக்குரிய தப்பு செய்தால் அவன் ஆட்டம் அன்றைக்கு முடிந்தது; மாற்று ஆளும் கிடையாது. ஒரே ஆட்டத்தில் இரண்டாவது முறை சின் பின் போனவன் நேரம் முடிந்த பிறகும் திரும்ப வர முடியாது.

எந்தத் தப்புக்கெல்லாம் சின் பின் என்பதில் இரண்டு வழிகள் இருக்கின்றன. மஞ்சள் அட்டைக்குரிய எல்லாத் தப்புக்கும் வைக்கலாம், குறிப்பிட்ட சிலவற்றுக்கு மட்டும் வைக்கலாம். நெதர்லாந்து முதல் வழியில் போனது. அங்கே சிறுவர் ஆட்டங்களிலும் கீழ்நிலை அமெச்சூர் ஆட்டங்களிலும் மஞ்சள் என்றாலே சில நிமிடம் வெளியே. இங்கிலாந்து இரண்டாம் வழி. நடுவரை எதிர்த்துப் பேசுவதற்கு மட்டும் சின் பின், மற்ற மஞ்சள்கள் பழையபடி. அவர்கள் 31 லீக்குகளில் இரண்டு சீசன் சோதித்துப் பார்த்தார்கள். எதிர்த்துப் பேசுவது 38 சதவீதம் குறைந்தது. தொடரலாம் என்று நடுவர்கள் சொன்னதில் ஆச்சரியமில்லை. ஆட்டக்காரர்களில் பெரும்பான்மையினரும் அதையே சொன்னார்கள். 2019-20 சீசனிலிருந்து அடித்தட்டு ஆட்டங்களில் பரவலாக்கிவிட்டார்கள்.

தொடங்குபவர்களுக்கு இங்கிலாந்து வழியே மேல் என்று நினைக்கிறேன். எல்லா மஞ்சளுக்கும் பத்து நிமிடம் என்றால் ஏழு பேர் ஆடும் சின்ன ஆட்டத்தில் ஒரு கட்டத்தில் நான்கு பேர்தான் மிஞ்சுவார்கள். வாய்க்கு மட்டும் என்றால் பிள்ளைகளுக்கும் தெளிவாகப் புரியும்.

வாய் என்றதும் இன்னொன்று. முடிவுக்குக் காரணம் கேட்பது குற்றமில்லை. "சார், எதுக்கு ஃபவுல்?" என்று ஒரு பையன் மரியாதையாகக் கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போகிற நடுவர்தான் நல்ல நடுவர். கத்துவது, கையை ஆட்டிக் கேலி செய்வது, கூட்டமாகச் சூழ்ந்துகொள்வது இவைதான் தப்பு. 2024 ஐரோப்பியக் கோப்பையில் கேப்டன் மட்டுமே நடுவரிடம் வந்து பேசலாம் என்று கொண்டுவந்தார்கள். கேப்டன் கோல் கீப்பராக இருந்தால் அவ்வளவு தூரம் ஓடிவர முடியாது என்பதால் வேறொருவரை முன்கூட்டியே சொல்லிவைத்துவிட வேண்டும். டிவியில் பார்ப்பதைத்தான் பிள்ளைகள் மறுநாள் மைதானத்தில் செய்கிறார்கள். இந்த ஒன்றையாவது தாராளமாகக் காப்பியடிக்கலாம்.

கோட்டுக்கு வெளியே

சிறுவர் ஆட்டத்தில் நடுவராக நிற்பவரே பல இடங்களில் சிறுவர்தான். இங்கிலாந்தில் பதினான்கு வயதிலேயே நடுவர் பயிற்சியில் சேரலாம். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி பத்து வயதுப் பிள்ளைகள் ஆட்டத்தில் விசிலோடு நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வயது ஆள் ஒருவர் கோட்டோரம் நின்று அவளைப் பார்த்துக் கத்துகிறார். இதற்கு எந்த அட்டையும் கிடையாது. பெற்றோருக்கு அட்டை காட்ட முடியாது.

கோச்சுக்குக் காட்டலாம். 2019-இலிருந்து அணி அதிகாரிகளுக்கும் மஞ்சள், சிவப்பு இரண்டும் உண்டு. பெஞ்சிலிருந்து யாரோ திட்டினார்கள், யாரென்று தெரியவில்லை என்றால் அங்கே இருக்கும் மூத்த கோச் தலையில் அது விழும். அணி ஆட்களைக் கட்டுக்குள் வைப்பது அவர் வேலை என்பது விதியின் எண்ணம். இப்படி இரண்டு தடவை விழுந்தால் அடுத்த ஆட்டத்தில் பெஞ்ச் தானாக அமைதியாகிவிடும்.

பார்வையாளர்கள் விஷயத்தில் நடுவரிடம் இருக்கும் ஆயுதம் ஆட்டத்தை நிறுத்துவது. வெளியிலிருந்து தொல்லை வந்தால் ஆட்டத்தை நிறுத்தி வைக்கலாம், அல்லது கைவிடலாம். நடைமுறையில் முதலில் விசில் ஊதி நிறுத்தி, அந்த அணியின் கோச்சையோ பொறுப்பாளரையோ அழைத்து, "அவரைச் சமாதானப்படுத்துங்க, அப்புறம் தொடங்கலாம்" என்று சொல்வது நல்லது. நடுவர் தானே போய்ப் பெற்றோரோடு மல்லுக்கட்டக் கூடாது. இங்கிலாந்துச் சங்கம் 2008-இல் 'ரெஸ்பெக்ட்' என்ற பெயரில் ஒரு இயக்கம் தொடங்கியது. அதன்படி பல சிறுவர் ஆட்டங்களில் பெற்றோர் நிற்பதற்கென்று கோட்டிலிருந்து தள்ளி நாடா கட்டிவிடுகிறார்கள். நாடாவுக்கு என்ன மதிப்பு என்று தோன்றலாம். கோட்டை மிதித்துக்கொண்டு நிற்பவரும் இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவரும் ஒரே மாதிரி கத்துவதில்லை.

இதெல்லாம் அளவுக்கு மீறிய பயம் என்று நினைப்பவர்களுக்கு நெதர்லாந்தின் அல்மேரே நகரத்தைச் சொல்ல வேண்டும். 2012 டிசம்பரில் அங்கே நடந்த சிறுவர் ஆட்டம் ஒன்றில், தன் மகன் அணிக்காகக் கொடி பிடித்துத் துணை நடுவராக நின்றவர் 41 வயதுத் தந்தை ஒருவர். சம்பளம் இல்லை, சேவைதான். ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பையன்கள் சிலர் அவரை அடித்து உதைத்தார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். அடுத்த வார இறுதியில் நாடு முழுக்க அமெச்சூர் ஆட்டங்களை நிறுத்தி வைத்தார்கள். பையன்கள் ஆறு பேரும் அவர்களில் ஒருவனின் தந்தையும் 2013-இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. அந்த நாட்டில் பதினேழு வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆட வருபவர்கள் விதிகள் பற்றிய ஒரு தேர்வில் தேற வேண்டும் என்று அதன் பிறகு கொண்டுவந்தார்கள். தேறாதவர்கள் ஆட முடியாது என்றார்கள். பையன்களுக்கு வைத்த அந்தத் தேர்வை அப்பாக்களுக்கும் வைத்தால் தேவலை.

இன்னும் சின்னப் பிள்ளைகள்

எட்டு ஒன்பது வயதில் அட்டையே தேவையில்லை. நெதர்லாந்தில் அந்த வயது ஆட்டங்களில் நடுவர் என்று ஒருவர் கிடையாது. ஆட்ட வழிகாட்டி ஒருவர் ஓரமாக நின்று, தேவைப்பட்டால் மட்டும் வாய் திறக்கிறார். சண்டை போடும் பிள்ளையைக் கோச்சிடம் சொல்லி ஐந்து நிமிடம் மாற்றிவிடச் சொன்னால் போதும். சிறுவர் ஆட்டத்தில் வெளியே எடுத்தவரைத் திரும்ப இறக்கலாம் என்று விதியிலேயே இடம் இருப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. பல கோச்சுகள் இந்த வசதியைக் களைப்புக்கு மட்டும் பயன்படுத்துகிறார்கள். முகம் சிவந்து பல்லைக் கடிக்கிற பையனை நடுவர் கவனிக்கும் முன்பே வெளியே கூப்பிட்டுவிட்டால் அட்டைக்கே வேலை இல்லை.

உங்கள் பள்ளியிலோ கிளப்பிலோ டோர்னமென்ட் நடத்தி இதைச் சேர்க்க நினைத்தால், சங்கத்தின் கீழ் நடக்கும் போட்டி என்றால் முதலில் அவர்களிடம் அனுமதி கேளுங்கள். பிறகு நேரத்தைக் கணக்குப் போடுங்கள். இருபத்தைந்து நிமிடம் வீதம் இரண்டு பாதி என்றால் மொத்தம் ஐம்பது. தண்டனை ஐந்து முதல் ஏழரை நிமிடத்துக்குள் வர வேண்டும், ஆறு என்று வைத்துக்கொள்ளலாம். எல்லா வகைத் தப்புக்கும் ஒரே நேரம்தான்; இதற்கு நாலு, அதற்கு எட்டு என்று பிரிக்கக் கூடாது. பெஞ்ச் பக்கம் ஒரு ஆளிடம் தனி ஸ்டாப்வாட்ச் கொடுத்து உட்கார வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேர் வெளியே இருந்தால் நடுவர் ஒருவரால் எல்லார் நேரத்தையும் பார்த்துக்கொண்டு ஆட்டத்தையும் பார்க்க முடியாது. யார், எத்தனையாவது நிமிடத்தில் போனார் என்று ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். ஆட்டம் முடிந்து நடுவர் எழுதும் அறிக்கைக்கு அந்தத் தாள்தான் உதவும். முதல் ஆட்டம் தொடங்கும் முன் கோச்சுகளையும் கேப்டன்களையும் கூப்பிட்டு அந்த இரண்டு கைச் சைகையை ஒரு முறை செய்து காட்டிவிடுங்கள்.